அட்ரினலின் மாமியாரும் பொட்டலம் மாப்பிள்ளையும்

பொட்டலம் என்ற பேரை மாமியார் முதல்முதலில் கேட்டது அடுப்படியில், பால் பொங்கி வரும் சமயத்தில். சொன்னவர் அவளுடைய கணவரின் அண்ணன். இளைய மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பையனுக்கு மருந்துக் கடையில் வேலை, மாத்திரையைக் காகிதத்தில் வைத்து அவன் மடித்தால் பிரிக்கிறவருக்கு நகம் உடைந்துவிடும், அதனால் தெருவில் அவனுக்குப் பொட்டலம் என்றே பேர் என்றார்.

"பேரே பொட்டலமா? உள்ள என்ன இருக்குன்னு யாராவது பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தபோதே மாமியார் குரல் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் குரலில் பெரியவர் திடுக்கிட, பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அந்தப் பழியும் இன்னும் கண்ணால் பார்க்காத பொட்டலத்தின் தலையில்தான் விழுந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அவன் குனிந்த தலை நிமிரவில்லை. பேச்சுக் கொடுப்போமே என்று மாமியார், "எனக்கு முழங்கால் வலி உயிர் போகுது" என்றாள். "ரெண்டாவது தட்டு, பச்சைப் பெட்டி" என்றான் அவன். வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடையில் எந்த மருந்து எந்தத் தட்டில் எந்த நிறப் பெட்டியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதது கிடையாது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர் என்று மாமனார் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

கல்யாணம் ஆனது. கடை தெரு முனையிலேயே இருந்ததால் மாடி அறையில் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கினான். அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாமனாருக்கு ஒரு சாய்வு நாற்காலி உண்டு. சாப்பிட்டு அதில் சாய்ந்தார் என்றால் வீடே தளர்ந்து கொட்டாவி விடும். சாயாத நேரத்தில் எதையாவது தொடங்குவார்: கதவைக் கழற்றுவார், சுவருக்குச் சாயம் கலக்குவார். அவர் தொடங்கிய மறு நொடியே மகன் வந்து நிற்பான். "விடுங்கப்பா, போதும்" என்று சுத்தியலை ஒரு பக்கமும் அப்பாவை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடுவான். அந்த மகன் இருந்ததால்தான் வீட்டுக்குக் கூரை இருந்தது. சாயங்காலமானால் மாமனாரின் அண்ணன், அதுதான் வரன் சொன்ன பெரியவர், வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அண்ணனை எழுந்திரு என்று சொல்ல முடியுமா? மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மூத்த மாப்பிள்ளை ஒருவர் அவ்வப்போது வந்து போவார். மாமியார் பக்கத்தில் நின்று கத்தினாலும் அவர் செய்தித்தாளின் பக்கத்தைத்தான் புரட்டுவார். காது கேட்கும். உள்ளே போகாது, அவ்வளவுதான்.

இனி மாமியார். மனசில் கல்மிஷம் கிடையாது, கை தாராளம், குரல்தான் கொஞ்சம் பெரிசு. "தண்ணி குடிச்சியா?" என்று அவள் அக்கறையாகக் கேட்டால் பக்கத்து வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள்.

இப்படி இருக்கும்போது கடையின் பழைய மருந்தாளுநர் வேலையை விட்டுத் தன் மகனோடு இருக்கப் போய்விட்டார். படித்துப் பட்டயம் வாங்கிய ஒருவர் முன்மேசையில் இல்லாவிட்டால் கடையைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். முதலாளி பொட்டலத்தைக் கூப்பிட்டார். "உனக்காகத்தான் ஒருத்தரைத் தற்காலிகமா வச்சு ஓட்டுறேன். நீ பாஸ் பண்ணா அந்த நாற்காலி உனக்கு. பண்ணலைன்னா வெளி ஆளைப் போட்டுட்டு உன்னைக் கிடங்குல பெட்டி தூக்கத்தான் விட முடியும். என்னைக் கோவிச்சுக்காதே." பொட்டலத்துக்கு முதுகு ஏற்கெனவே ஆகாது.

மாலை வகுப்பில் சேர்ந்தான். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே நரை விழுந்தவனாக உட்கார்ந்து படித்தான். வயிறு தேறினான், ரத்தம் தேறினான், நுரையீரல் தேறினான். நரம்பு மண்டலத்தில் வந்து கால் இடறியது. எழுத்துப் பரீட்சையில் எப்படியோ கரையேறிவிட்டான். வாய்மொழியில் மூழ்கினான். "இந்த மருந்து ஏன் இப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார்கள். "நாலாவது தட்டு சார்" என்றான். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். இன்னொரு வாய்ப்புத்தான் பாக்கி.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் பாடத்தை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினான். ஒருநாள் மாமியார் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. உள்ளே குரல் மட்டும் நிற்கவில்லை.

"அத்தை வர்றாங்க. நெஞ்சு படபடன்னு அடிக்கும். கண்ணு விரியும். வாய் வறண்டு போகும். மயிர் சிலிர்த்துக்கும். வயித்துல சோறு செரிக்காம அப்படியே நிக்கும். ஒளிச்சு வச்ச சர்க்கரை எல்லாம் தானா வெளிய வரும்."

குளிக்கும்போதுகூட அவன் மரியாதை குறைக்கவில்லை. ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் மாமியார் இல்லை. இடுப்பில் துண்டோடு அவன் கதவைத் திறந்தபோது எதிரே அவள் நின்றாள். உள்ளே சொன்னது அத்தனையும் அந்த இடத்திலேயே அவனுக்கு நடந்தது.

"மாப்பிள்ளை, உள்ள யாரைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க?"

"பாடம் அத்தை."

"பாடத்துல நான் எப்ப வந்தேன்?"

சத்தம் கேட்டு வீடே கூடிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன் ஆயிற்றே, துண்டைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டான். உடம்பில் நாம் சொல்லாமலே வேலை செய்கிற நரம்புகள் இரண்டு பக்கமாம். ஒரு பக்கம் ஆபத்து என்றால் உடம்பை உசுப்பிவிடும். பேரில்தான் அது பரிவு நரம்பு. அந்தப் பக்கத்து ஆள் அட்ரினலின். அது அத்தை. இன்னொரு பக்கம் ஓய்வு. அதில் அசெட்டைல்கோலின் என்று ஒன்று உண்டு. அது வந்தால் இதயம் நிதானமாகும், குடல் ஓடும், எச்சில், கண்ணீர் எல்லாம் சுரக்கும். அது மாமா. அசெட்டைல்கோலின் வந்த வேகத்தில் அதை இரண்டாக வெட்டி அப்புறப்படுத்துகிற நொதி ஒன்று உண்டு. அது மச்சான். அசெட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிற மருந்து அட்ரோபின். அது பெரிய மாமா. அட்ரினலின் என்ன கத்தினாலும் இதயத்துக்குக் கேட்காமல் வாசலை மறித்துக்கொள்கிற மருந்து பீட்டா தடுப்பான்.

"அது மூத்த மாப்பிள்ளைதானே?" என்றார் மாமனார். அவருக்குப் பாடம் பிடித்துப்போய்விட்டது.

"என் தங்கச்சி?" என்றாள் மாமியார்.

"சித்தி நார்அட்ரினலின், அத்தை. கிட்டத்தட்ட நீங்க மாதிரியேதான். நரம்பு முனையில பெரும்பாலும் அவங்கதான் வேலை பாக்குறாங்க."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

"நீங்க சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பியில அத்தை."

"அவ நரம்பு முனையில, நான் சிறுநீரகத்து மேல." மாமியார் துணியைக் கொடியில் போட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடியும் அவளுக்குத்தான் நல்ல அறை கொடுத்தாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் தங்கைக்குக் கிடைத்த இடம் அவளைச் சுடவில்லை. சோறு செரிக்காது என்று சொன்னானே, அதுதான் உள்ளே போய்த் தைத்தது. ஆக்கிப் போட்டு, சாப்பிடு சாப்பிடு என்று சொல்வதற்காகத்தான் அவள் கத்துகிறாள். அந்தச் சத்தத்தில் சோறு வயிற்றிலேயே நின்றுவிடுகிறதாம்.

மறுநாள் முதல் வீட்டில் மாமியார் குரல் இல்லை. அடி வைப்பது கேட்காமல் நடந்தாள். "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று காற்று மாதிரி கேட்டாள். மாமனாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றார். "என் உடம்புக்கென்ன? மத்தவங்க உடம்புக்குத்தான் நான் ஆகலை" என்று அதே மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அலமாரியில் துணிக்கு அடியில் மாமனார் ஒளித்து வைத்திருந்த இனிப்பு அங்கேயே கிடந்தது. மிரட்ட ஆள் இல்லாததால் அதை எடுத்துக் கொடுக்கவும் தோன்றவில்லை, தின்னவும் மனசு வரவில்லை.

மகனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அப்பாவை வெட்டுறதுதான் என் வேலைன்னா நான் இனிமே எதுலயும் தலையிடலை" என்று அறைக்குள் உட்கார்ந்துகொண்டான். மாமனாருக்கு விடுதலை கிடைத்தது. அடுப்படிச் சுவரின் உயரத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டத்தின் மேல் ஏறி நின்று அதைத் திருகினார். சொட்டியது பீய்ச்சியது. இன்னொரு திருகு திருகினார். அடுப்படி, கூடம், படிக்கட்டு எல்லாம் வெள்ளம். வழக்கம்போல "விடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும் என்று திருகிக்கொண்டே காத்திருந்தார். வரவில்லை. மகன் அறைக்குள் கட்டில்மேல் காலை மடக்கி வைத்துக்கொண்டு ரோஷத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். மாமியாரோ, "தண்ணி வருது பாருங்க" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

பெரிய குறடு எடுக்க மாமனார் இறங்கிப் போனார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வந்தார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். "என்ன இது, வீடு இப்படிக் கிடக்கு?" என்றார். குறடோடு வந்த மாமனார் அண்ணனையும் பார்த்தார், குழாயையும் பார்த்தார். ஏற இடமில்லை. அத்தோடு வேலை நின்றது. பொட்டலம் ஓடிப்போய் வெளிக்குழாயை அடைத்து, குழாய்க்காரரைக் கூட்டிவந்தான்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து அவன் வகுப்புக்குப் போனபோது ஆசிரியர் எழுப்பிவிட்டுக் கேட்டார்: "அட்ரினலின் கொடுத்தா இதயத்துக்கு என்ன ஆகும்?" பொட்டலம் கண்ணை மூடி அத்தையை நினைத்தான். அத்தை பூனை மாதிரி வந்து, காற்று மாதிரி கேட்டாள். "மெதுவாயிடும் சார். மனசுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றான். பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அன்று இளையவள் அம்மாவிடம் வந்தாள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ பழையபடி கத்தும்மா."

"நான் என்ன, திறந்து மூடுற குழாயா?"

"அவருக்குப் பாடம் எல்லாம் கலைஞ்சு போச்சும்மா. நீங்க எல்லாரும் மாறிட்டீங்க, அவர் எதைப் பாத்துப் படிப்பாரு? இந்தத் தடவையும் போச்சுன்னா கிடங்குதான். அவர் முதுகு உனக்குத் தெரியும்ல."

மாமியார் கையில் கத்தி வேகமாக ஓடியது. பொட்டலம் கடையிலிருந்து வந்ததும் எழுந்து போய் அவன் எதிரே நின்று, மூச்சை இழுத்து, "மாப்பிள்ளை" என்று கத்திப் பார்த்தாள். குரல் வந்தது, வேகம் வரவில்லை. ஒப்புக்கு அழுகிறவர் அழுகை மாதிரி இருந்தது. "எப்படி இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

"பரவாயில்ல அத்தை" என்றான் பொட்டலம். "லேசா கண்ணு விரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

பொய் சொல்லத் தெரியாதவன் முதல்முதலாகப் பொய் சொன்னான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. ஒரு மனுஷனுக்கு வேண்டிய நேரத்தில் தன் குரல் உதவவில்லையே என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சையன்று, "நானும் வரேன்" என்று கிளம்பினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திராது. கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. பரீட்சை அறையில் மின்விசிறி ஓடாததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மருமகனின் முதுகு தெரிந்தது, எதிரே வழுக்கைத் தலையோடு பரீட்சை அதிகாரி தெரிந்தார். மாமியாருக்கு நெஞ்சு அடித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஓ, இதைத்தான் சொன்னானா என்று நினைத்துக்கொண்டாள்.

"அட்ரினலின் உடம்புல என்னென்ன செய்யும்?" என்றார் அதிகாரி.

பொட்டலம் வாயைத் திறந்தான், மூடினான். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியது.

வாசலில் நின்ற கல்லூரிச் சிப்பந்தி மாமியார் பக்கம் குனிந்தான். "உங்க ஆளாம்மா? போன தடவையும் இப்படித்தான் நின்னாரு. இவரெல்லாம் பெட்டி தூக்கத்தான் லாயக்கு, படிப்பு எதுக்கு இவருக்கு?"

மாமியார் எழுந்தாள். மூச்சு இழுத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"யாரைப் பாத்துப் பெட்டி தூக்குன்னு சொல்றே? பகலெல்லாம் நின்னுகிட்டே வேலை பாத்துட்டு வந்து குளிக்கிற இடத்துல நின்னு படிக்கிற மனுஷனப்பா அவரு. என் மாப்பிள்ளையை நான் சொல்லுவேன் ஆயிரம். நீ யாரு சொல்ல?"

தாழ்வாரத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடியில் ஒரு வகுப்பு பாதியில் நின்றது. சிப்பந்தி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். உள்ளே அதிகாரியின் பேனா கீழே விழுந்தது.

பொட்டலம் நிமிர்ந்தான். தன் கையைப் பார்த்தான். மயிர் ஒன்றுவிடாமல் எழுந்து நின்றது.

"நெஞ்சு வேகமா அடிக்கும் சார்" என்றான். "கண்ணு விரியும். வாய் வறண்டு போகும், இப்ப எனக்கு வறண்டிருக்கு. மயிர் சிலிர்த்துக்கும், இதோ பாருங்க. மூச்சுக்குழாய் அகலமாத் திறக்கும். குடல் வேலை நிக்கும். கல்லீரல் ஒளிச்சு வச்ச சர்க்கரையை வெளிய விடும்."

அதிகாரி தன் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரி. பூச்சி மருந்து குடிச்ச ஒருத்தரைக் கொண்டு வர்றாங்க. எச்சில், கண்ணீர் எல்லாம் கொட்டுது, கண்ணுப் பாப்பா புள்ளி மாதிரி சுருங்கியிருக்கு, நாடி மெதுவா ஓடுது. உள்ள என்ன நடக்குது?"

பொட்டலத்துக்கு வெள்ளம் கண்முன் வந்தது. "மச்சானைக் கட்டிப் போட்டுட்டாங்க சார்."

"யாரை?"

"நொதியை சார், கோலினெஸ்டரேஸை. வெட்டுறதுக்கு ஆள் இல்லாம அசெட்டைல்கோலின் நிறைஞ்சு போச்சு. அதான் எல்லாம் கொட்டுது."

"என்ன கொடுக்கணும்?"

"பெரிய மாமாவைக் கொண்டாந்து நாற்காலியில உட்கார வைக்கணும் சார்." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. "அட்ரோபின் சார். அசெட்டைல்கோலின் உட்கார்ற இடத்தை அது பிடிச்சுக்கும்."

அதிகாரி வாசலைப் பார்த்து, "வெளியில சத்தம் போட்டவங்க யாரு?" என்றார்.

"அத்தை சார்."

"அவங்கதான் அட்ரினலினா?"

"ஆமா சார். சித்தி நார்அட்ரினலின். அவங்க வரலை."

"வராத வரைக்கும் நல்லது" என்று சொல்லி, குனிந்து பேனாவை எடுத்து மதிப்பெண் போட்டார். பாஸுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம்தான் கூட. பெரிய மாமாவுக்காகக் கொஞ்சம் குறைத்துவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

வெளியே வந்த பொட்டலம் மாமியார் முன்னால் நின்றான்.

"கிடைச்சுதா?" என்றாள் அவள், மெல்ல.

"கிடைச்சுது அத்தை."

"அப்ப வாங்க, வீட்டுல போய்ச் சாப்பிடலாம். நான் ஒண்ணும் பேசலை. நிம்மதியாச் செரிக்கட்டும்."

"பேசுங்க அத்தை" என்றான். "பேசாம இருந்தாத்தான் செரிக்கலை."

வீட்டு வாசலை மிதிக்கும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. மகன் அறையிலிருந்து வெளியே வந்தான். மாமனார் அலமாரிப் பக்கம் போய், துணிக்கு அடியில் கையை விட்டு, கேட்காமலே இனிப்பை எடுத்து நீட்டினார்.

பிறகு மாமியாருக்கு ரத்த அழுத்தம் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பொட்டலம்தான் வாங்கிப் படித்தான். படித்ததும் உதட்டைக் கடித்தான். பீட்டா தடுப்பான். "மூத்த மாப்பிள்ளையைத் தினமும் காலையில ஒண்ணு முழுங்கணுமாம்" என்று அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். மூத்த மாப்பிள்ளை பக்கத்தைப் புரட்டினார்.

பொட்டலம் இப்போதும் அதே தெரு முனைக் கடையில்தான் இருக்கிறான். முன்மேசைக்குப் பின்னால், பழைய மருந்தாளுநர் உட்கார்ந்த நாற்காலியில்.